ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ்: ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு, கம்ப்யூட்டரையும் ஃபார்மட் பண்ணணுமா?

காவேரிப்பட்டணம்_தோட்டம்

வணக்கம்ங்க. பையனோட கல்லூரிச் சேர்க்கைக்கு மார்க் ஷீட், சாதிச் சான்று, பட்டா சிட்டா எல்லாம் பிரிண்ட் எடுக்க, கிருஷ்ணகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 16 ஜிபி பென்டிரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொருகினா உள்ளே ஒரு ஃபோல்டரும் இல்லை. பென்டிரைவ் பேரிலேயே ஒரே ஒரு ஐகான், அதோட இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி. ஆனா 9 ஜிபி நிரம்பியிருக்கிறதாத்தான் காட்டுது.

அந்த ஐகானை டபுள் கிளிக் பண்ணினேன். ஃபைல் எல்லாம் வழக்கம்போலத் திறந்தது, அதனால சந்தேகம் வரலை. அடுத்த நாள் வேற ஒரு பென்டிரைவ் சொருகினேன், அதுவும் இதே கதி.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 500 ஜிபி பழைய ஹார்டு டிஸ்க். அசெம்பிள் பண்ணினது, விண்டோஸ் ஒரிஜினலான்னு தெரியாது. கூடவே வந்த ஆன்டிவைரஸ் டிரையல் முடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு. நெட் போன் ஹாட்ஸ்பாட்லதான். இன்னொண்ணு, வலது கீழ் மூலையில் "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, உடனே சுத்தம் செய்யவும்"னு அடிக்கடி பொட்டி வருது.

கேள்விகள்: ஃபைல் திரும்பக் கிடைக்குமா? கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணியே ஆகணும்னு ஒரு கடையில் சொல்றாங்க, உண்மையா? காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினா போதுமா? பென்டிரைவுக்குள்ள "ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்"னு ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சா வைரஸ் ஏறாதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார், அது சரியா?

ஓசூர்_பெஞ்ச்

ஃபைல் எங்கேயும் போகலைங்க. 9 ஜிபி நிரம்பியிருக்குன்னு காட்டுதே, அதுவே சாட்சி. இந்த வகை வைரஸ் உங்க ஃபைல் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளி, அதுக்கு ஹிடன், சிஸ்டம்னு ரெண்டு முத்திரையும் குத்திடும். பல தடவை அந்த ஃபோல்டருக்குப் பேரே இருக்காது, பேர் இருக்கிற இடத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று எழுத்து மட்டும் இருக்கும். வெளியே ஒரு ஷார்ட்கட்டை வெச்சு, அதுக்கு டிரைவோட படத்தையே மாட்டிவிடும்.

அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் பண்ணாம, ரைட் கிளிக் பண்ணி புராப்பர்ட்டீஸ் பாருங்க. டார்கெட்னு ஒரு கட்டம் இருக்கும். நல்ல ஷார்ட்கட்னா அதுல ஒரு ஃபோல்டரோட பாதை மட்டும் இருக்கும். இதுல சிஎம்டி டாட் எக்ஸி (கமாண்டை ஓட்டுற விண்டோஸ் புரோகிராம்), அதுக்குப் பின்னாடி டபிள்யூஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்டை ஓட்டுற விண்டோஸ் புரோகிராம்), ஏதோ ஒரு விபிஎஸ் ஃபைல் (கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற சின்ன ஸ்கிரிப்ட்) பேர்னு நீளமா ஒரு வரி ஓடும். ஒரே கிளிக்ல ரெண்டு வேலை: வைரஸையும் ஓட்டும், மறைச்சு வெச்ச ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனாலதான் உங்களுக்குச் சந்தேகமே வரலை. ரெண்டாவது பென்டிரைவும் கெட்டதுனா இப்ப வைரஸ் உங்க கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். பென்டிரைவை மட்டும் சுத்தம் பண்ணிட்டுத் திரும்ப அதே மெஷின்ல சொருகினா ரெண்டு நிமிஷத்துல பழைய குருடி கதவைத் திறடிதான். நிறைய பேர் இங்கேதான் தப்பு பண்றாங்க.

அவசரமா மார்க் ஷீட் வேணும்னா கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க. ஒரு ஓடிஜி அடாப்டர் (போன்ல பென்டிரைவை மாட்டற சின்ன இணைப்பு) வாங்கி, பென்டிரைவை ஆண்ட்ராய்டு போன்ல மாட்டுங்க. விண்டோஸுக்கு எழுதின ஷார்ட்கட்டும் விபிஎஸ்ஸும் போன்ல ஓடாது. விண்டோஸ் குத்தின ஹிடன் முத்திரையையும் போன் பொதுவா மதிக்காது, அதனால பேரில்லாத ஃபோல்டர் அப்படியே கண்ணுக்குத் தெரியும். வேண்டிய பிடிஎஃப், ஜேபிஜி மட்டும் போனுக்கு காப்பி எடுத்துக்கங்க. பென்டிரைவ் என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் ஆகியிருந்தா சில போன் படிக்காது, ஃபேட்32-ன்னா பிரச்சினை இல்லை.

அப்புறம் கம்ப்யூட்டர். வரிசை முக்கியம்ங்க:

ரெண்டு பென்டிரைவையும் கழட்டிடுங்க. காலாவதியான அந்த டிரையல் ஆன்டிவைரஸை கன்ட்ரோல் பேனல் போய் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. வேற ஆன்டிவைரஸ் இருந்தா விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கி நின்னுக்கும். டிரையல் முடிஞ்சது வேலையும் செய்யாம இடத்தையும் விடாம உட்கார்ந்திருந்தா வாசல்ல காவலே இல்லைன்னு அர்த்தம். அதை எடுத்ததும் டிஃபெண்டர் தானா எழுந்துக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்" உள்ளே "செக் ஃபார் அப்டேட்ஸ்" அழுத்துங்க. அதே பக்கத்துல ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதுல கடைசியா இருக்கிற "டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்".

இந்த ஆஃப்லைன் ஸ்கேன்ல விண்டோஸ் முழுசா எழும்பறதுக்கு முன்னாடியே தேடல் நடக்கும், அதனால வைரஸ் ஓடிக்கிட்டே தன்னைக் காப்பாத்திக்க முடியாது. சுமார் கால் மணி நேரம், பழைய ஹார்டு டிஸ்க்ல கூடவும் ஆகலாம். நடுவுல கரண்ட் போனா வம்பு. யூபிஎஸ் பேட்டரி சாகாம இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.

எழுந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல "விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்"னு எதாவது ஓடுதான்னு பாருங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது எந்நேரமும் ஓட வேண்டிய காரணமே இல்லை. ஸ்டார்ட்அப் டேபையும் ஒரு பார்வை பாருங்க, அறிமுகமில்லாத விபிஎஸ் இருந்தா டிஸேபிள்.

சுத்தம்னு உறுதியான பிறகுதான் பென்டிரைவ். ஷிஃப்ட் கீயை அழுத்திட்டே சொருகுங்க, திறக்காதீங்க. திஸ் பிசில ரைட் கிளிக் பண்ணி முதல்ல ஸ்கேன். அடுத்து கமாண்ட் பிராம்ப்ட்ல ஒரு வரி. போன்ல சொல்ற மாதிரியே சொல்றேன்: ஏ டி டி ஆர் ஐ பி (attrib), இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, மைனஸ் எச், இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, உங்க பென்டிரைவ் எழுத்து (இ-ன்னு வெச்சுக்குவோம்), கோலன், பின்சாய்வுக்கோடு, நட்சத்திரம், இடைவெளி, முன்சாய்வுக்கோடு எஸ், இடைவெளி, முன்சாய்வுக்கோடு டி (d). என்டர். 9 ஜிபிக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுத்தை மாத்தி சி-ன்னு போட்டுடாதீங்க, விண்டோஸ் மறைச்சு வெச்ச ஃபைல் எல்லாம் அம்பலமாயிடும்.

வெளியே வந்த ஃபைல்ல உங்களோடதை மட்டும் காப்பி பண்ணிட்டு பென்டிரைவை ஃபார்மட் பண்ணுங்க. குவிக் ஃபார்மட் போதும். ஃபார்மட் அழுத்தறதுக்கு முன்னாடி காப்பி ஆன ஃபோல்டரோட புராப்பர்ட்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுதான்னு பார்த்துடுங்க.

பாலக்கோடு_லேப்

மேலே சொன்ன வரிசை சரி. ஆனால் ஆஃப்லைன் ஸ்கேனுக்கு முன்னால் ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது, கிராக் செய்த விண்டோஸாக இருக்க வாய்ப்புள்ள மெஷினில் அதை விடவே கூடாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் "மேனேஜ் செட்டிங்ஸ்" போய் அடிவரை இறங்கினால் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று இருக்கும். இங்கே பதிந்திருக்கும் ஃபோல்டர்களை டிஃபெண்டர் எட்டியே பார்க்காது. நீங்கள் எதுவும் சேர்க்கவில்லை என்றால் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு டூல்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இங்கே ஒரு வரி எழுதிவிட்டுப் போகும், பிறகு வரும் வைரஸ்களுக்கும் அதே வழி. முழு சி டிரைவையே விலக்கி வைத்த மெஷினில் நாள் முழுக்க ஸ்கேன் செய்தாலும் "நோ த்ரெட்ஸ்" என்றுதான் வரும். எல்லா வரியையும் ரிமூவ் செய்துவிட்டு ஸ்கேனைத் தொடங்குங்கள். "டேம்பர் புரொடெக்ஷன்" (டிஃபெண்டர் செட்டிங்கை வேறு புரோகிராம் மாற்றாமல் தடுப்பது) ஆனில் இருக்கட்டும்.

பென்டிரைவில் சுற்றும் காயின் மைனர் (நம் கம்ப்யூட்டரை வைத்து அவர்களுக்கு கிரிப்டோ காசு சம்பாதிக்கும் வைரஸ்) வகை ஒன்று இன்னும் தந்திரமானது. சி டிரைவில் "விண்டோஸ்" என்ற பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி சேர்த்து இன்னொரு ஃபோல்டர் செய்து, அதற்குள் போலி சிஸ்டம்32 வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு ஒரே பெயரில் இரண்டு விண்டோஸ் ஃபோல்டர். இடைவெளியில் முடியும் பெயரை எக்ஸ்புளோரர் சரியாகக் கையாளாது, டெலீட் அழுத்தினால் அடம்பிடிக்கும். கையால் போராடாதீர்கள், ஆஃப்லைன் ஸ்கேனிடமே விடுங்கள். எதுவும் செய்யாதபோதே ஃபேன் இரைந்துகொண்டு சிபியு உச்சத்தில் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஆட்டோரன் ஃபோல்டர் யோசனை ஒரு காலத்தில் சரி. அப்போது பென்டிரைவைச் சொருகினாலே ஆட்டோரன் ஃபைலைப் படித்து வைரஸ் தானாக ஓடியது. விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது, 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட்டாக அனுப்பியது. கதவு அடைபட்ட பிறகுதான் வைரஸ் எழுதுகிறவர்கள் ஷார்ட்கட்டுக்கு மாறினார்கள். இப்போது ஓட்டுவது விண்டோஸ் இல்லை, நம் விரல். அந்த ஃபோல்டரைப் போட்டு வைப்பதில் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

வலது மூலைப் பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்தில் "அலோ" அழுத்தியிருப்பீர்கள், அது குரோம் வழியாக அனுப்பும் நோட்டிஃபிகேஷன். பெட்டிக்குள் தளத்தின் பெயர் சிறிய எழுத்தில் தெரியும். குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத தளங்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அதில் வரும் எண்ணுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். எனிடெஸ்க் போன்ற ஒன்றை ஏற்றச் சொல்லிக் கம்ப்யூட்டரைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அரூர்_அஞ்சல்

விபிஎஸ்தான் வில்லன்னா ஒரு சுலப வழி இருக்குங்க. டெஸ்க்டாப்ல ஒரு வெத்து டெக்ஸ்ட் ஃபைல் பண்ணி பேரை டாட் விபிஎஸ்னு மாத்தி, ரைட் கிளிக், ஓபன் வித், நோட்பேட், "ஆல்வேஸ்" டிக் போட்டுடுங்க. அப்புறம் எந்த விபிஎஸ்ஸை யார் கிளிக் பண்ணினாலும் நோட்பேட்தான் திறக்கும். ஜேஎஸ் ஃபைலுக்கும் இப்படியே.

பாலக்கோடு_லேப்

@அரூர்_அஞ்சல் தம்பி, மெயிலில் வரும் விபிஎஸ், ஜேஎஸ் ஃபைலுக்கு அது நல்ல தடுப்பு. இங்கே உதவாது. ஷார்ட்கட்டின் டார்கெட் வரியைப் பாருங்கள்: ஃபைலைத் திறக்கச் சொல்லவில்லை, டபிள்யூஸ்கிரிப்டை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஃபைலை அதன் கையில் கொடுக்கிறது. நோட்பேடுக்கு அங்கே வேலையே இல்லை.

விபிஎஸ்ஸை ஓட்டும் அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்டையே முடக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் செட்டிங்குகளை மாற்றும் இடம்) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் வரை போய், வலப்பக்கம் "எனேபிள்டு" என்ற பெயரில் 32 பிட் டிவேர்ட் (எண் மதிப்பு) ஒன்றை உருவாக்கி மதிப்பு 0 கொடுங்கள். பிறகு எந்த விபிஎஸ் ஓட முயன்றாலும் இந்த மெஷினில் அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸ் ஆக்டிவேஷன் பார்க்கும் எஸ்எல்எம்ஜிஆர் கமாண்டும் உண்மையில் ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட்தான், அதுவும் நின்றுபோகும். சில பழைய சாஃப்ட்வேர் ஏறும்போது தகராறு செய்யலாம், அப்போது 1 ஆக்கிக்கொள்ளலாம். பவர்ஷெல் (விண்டோஸின் இன்னொரு கமாண்ட் கருவி) வழியாக வருவதை இது தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரி_சுவிட்ச்

ஃபார்மட் பற்றி யாரும் நேராகச் சொல்லவில்லை. ஷார்ட்கட் வைரஸுக்காக மட்டும் ஃபார்மட் தேவையில்லை. ஆனால் எக்ஸ்க்ளூஷன்ஸில் நீங்கள் போடாத வரிகள் இருந்து, ஆஃப்லைன் ஸ்கேனில் டிரோஜன் (நல்ல புரோகிராம் போல நடித்து நுழைவது) என்று வேறு சிலவும் சிக்கினால், நான் ஃபார்மட் பக்கம்தான். எத்தனை நாளாக உள்ளே இருந்தன, எதை எடுத்துப் போயின என்று தெரியாத மெஷினை நம்பி நெட் பேங்கிங் செய்ய முடியாது. அப்படிச் செய்தால் விண்டோஸை மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். கடையில் வைத்திருக்கும் "எல்லாம் சேர்த்த" விண்டோஸ் வேண்டாம், அதில் அதே திருட்டு ஆக்டிவேட்டர் மறுபடி வந்து உட்காரும். ஃபார்மட் செய்தும் வைரஸ் போகவில்லை என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

டிரோஜன் சிக்கினால் பாஸ்வேர்டுகளையும் மாற்றியாக வேண்டும், அதுவும் போனிலிருந்து. அழுக்கு மெஷினில் உட்கார்ந்து புது பாஸ்வேர்டு போட்டால் அதையும் அது படித்துக்கொள்ளும். பாஸ்வேர்டு மாற்றியதோடு கூகுள் கணக்கில் "யுவர் டிவைசஸ்" போய் எல்லா இடத்திலும் சைன் அவுட் கொடுங்கள். திருடும் வகைகள் பிரவுசரின் குக்கீயை (லாகின் ஆனதற்கான அடையாளம்) தூக்கிப் போகின்றன, அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். கணக்கில் பணம் குறைந்திருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழி இருக்கும்.

ஆன்டிவைரஸ் வாங்குவது: சென்னைக்காரர்களின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டும் நல்லவைதான். ஆனால் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள மெஷினுக்கு அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) போடச் சொல்வேன். ஹார்டு டிஸ்க்கில் ஸ்கேன் ஓடினால் மெஷின் ஆமையாகும், எரிச்சலில் ஸ்கேனை ஆஃப் செய்வோம், அங்கேதான் ஓட்டை விழுகிறது. அப்டேட் ஆன டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைத்துவிடாதீர்கள், ஒன்றின் கையை ஒன்று பிடித்து இழுக்கும்.

உங்கள் உண்மையான சிக்கல் ஹாட்ஸ்பாட். வைஃபை செட்டிங்கில் "மீட்டர்டு கனெக்ஷன்" (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் தானாக இறங்காது, மாதக்கணக்கில் கிடக்கும். வாரம் ஒருநாள், இரவில் டேட்டா மிச்சம் இருக்கும்போது, அதை ஆஃப் செய்து அப்டேட் இறக்குங்கள். 2017 மே 12-இல் கிளம்பிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14-இலேயே மைக்ரோசாஃப்ட் அடைப்பு கொடுத்துவிட்டது. அதைப் போடாத மெஷின்கள்தான் இரண்டு மாதம் கழித்து மாட்டின.

விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு மெஷின்களுக்கு இஎஸ்யூ என்ற நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே "என்ரோல் நவ்" வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். பழைய அசெம்பிள் மெஷின் தேறுவது சந்தேகம். வெறும் பிரவுசிங்கும் லெட்டர் டைப் செய்வதும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம், இந்த ஷார்ட்கட் தொல்லையே அங்கே எடுபடாது.

ஓசூர்_பெஞ்ச்

ஜெராக்ஸ் கடைக்கு இனி எப்படிப் போறதுன்னும் சொல்லிடறேன். கடைக்காரர் வேணும்னு பண்றதில்லைங்க, ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் அந்த மெஷின்ல ஏறி இறங்குது. கடைக்குன்னே ஒரு சின்ன பென்டிரைவ் தனியா வெச்சுக்கங்க, 4 ஜிபி போதும். பிரிண்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதுல இருக்கட்டும். பாமினி ஃபான்ட்ல அடிச்சதை வேர்டு ஃபைலா கொடுத்தா அங்கே அந்தப் பழைய தமிழ் ஃபான்ட் இல்லாம தமிழ் எல்லாம் கொக்கி கொக்கியா வேற வரும். திரும்பி வந்ததும் திறக்காமலே ரைட் கிளிக், ஃபார்மட். உள்ளே என்ன வந்திருக்குன்னு பார்க்கிற ஆசையே வேண்டாம்.

இல்லைன்னா எஸ்டி கார்டு ரீடர்ல பெரிய சைஸ் எஸ்டி கார்டு போட்டுக் கொடுங்க. கார்டோட பக்கத்துல சின்னதா ஒரு லாக் பட்டன் நகரும், லாக் பக்கம் தள்ளினா எழுத முடியாது. ஆனா அந்தப் பட்டனை மதிக்கிறது ரீடர்தான், கார்டு இல்லை. மலிவு ரீடர்ல சிலது கண்டுக்காது. வீட்டுலேயே லாக் பண்ணி ஒரு ஃபைலை காப்பி பண்ணிப் பாருங்க, "ரைட் புரொடெக்டட்"னு வந்தா நம்பலாம்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா வைரஸ் வராது, சரிதான். ஆனா சாதிச் சான்றும் ஆதாரும் அந்தக் கடை டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே கிடக்கும். பிரிண்ட் வந்ததும் கண் முன்னாடியே அழிக்கச் சொல்லுங்க, சங்கடமே வேண்டாம். அங்கே உங்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தா, போன்ல லிங்க்டு டிவைசஸ் போய் லாக் அவுட் பண்ணிட்டுத்தான் படி இறங்கணும்.

ஃபான்ட்னதும் ஞாபகம் வருது. தமிழ் ஃபான்ட் தேடி இறக்கும்போது வர்ற ஃபைல் டிடிஎஃப் இல்ல ஓடிஎஃப்னு முடியணும், ஜிப்னா உள்ளே அதுதான் இருக்கணும். எக்ஸி வந்தா அது ஃபான்ட் இல்லை. எக்ஸ்புளோரர் வியூ மெனுவுல "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் போட்டு வெச்சாத்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இல்லாட்டி "போட்டோ டாட் ஜேபிஜி டாட் எக்ஸி" வெறும் போட்டோவாத்தான் தெரியும். யூனிகோடுல (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற எழுத்து முறை) அடிக்கிறதுக்கு வெளியே எதுவும் இறக்கவே வேண்டாம், விண்டோஸ் 10-லயே தமிழ் 99, அஞ்சல் கீபோர்டு ரெண்டும் இருக்கு.

தருமபுரி_சுவிட்ச்

பேக்கப் விட்டுப்போச்சு. ரான்சம்வேர் வந்தால் மேலே சொன்ன எந்த கமாண்டும் உதவாது. வீட்டு மெஷின்களை அதிகம் பிடித்த ஸ்டாப் என்ற வகை, பெரும்பாலும் கிராக், கீஜென் (திருட்டு சாஃப்ட்வேரைத் திறக்கும்) ஃபைல்களோடுதான் வரும். ஃபைலின் தொடக்கத்தில் சுமார் 150 கேபி-யை மட்டும் பூட்டும், போட்டோவும் பிடிஎஃபும் திறக்காமல் போக அதுவே போதும். விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் ஷேடோ காப்பியையும் அழித்துவிடும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் மாதம் ஒருமுறை காப்பி எடுங்கள், முடிந்த கையோடு வயரைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது, அதையும் சேர்த்தே பூட்டும். முக்கியச் சான்றிதழ்கள் மொத்தமே 100 எம்பி தாண்டாது, கூகுள் தரும் இலவச 15 ஜிபியில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

காவேரிப்பட்டணம்_தோட்டம்

எல்லாருக்கும் நன்றிங்க. ஓடிஜி வழியா மார்க் ஷீட் முதல்லயே எடுத்துட்டேன். எக்ஸ்க்ளூஷன்ஸ்ல ரெண்டு வரி இருந்தது, ஒண்ணு சி டிரைவ் முழுக்க! எடுத்துட்டு ஆஃப்லைன் ஸ்கேன் போட்டதுல விபிஎஸ் வோர்ம் (தன்னைத்தானே பரப்பிக்கிற வைரஸ்) ஒண்ணு, ஆக்டிவேட்டர் டூல் ஒண்ணு, டிரோஜன்னு ரெண்டு காட்டுச்சு. நோட்டிஃபிகேஷன்ல ஏழு தளம் இருந்தது, எல்லாம் நீக்கியதும் அந்தப் பொட்டி நின்னுடுச்சு.

பென்டிரைவுக்கு அந்த ஒரு வரி அடிச்சதும் எல்லா ஃபைலும் வெளியே வந்துடுச்சு. கூடவே "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்"னு ஒரு ஃபோல்டர் தெரியுது. அதையும் அழிச்சிடலாமா?

பாலக்கோடு_லேப்

அது விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்ளும் ஃபோல்டர், வைரஸ் இல்லை. எப்போதும் இருந்ததுதான், மறைப்பை எடுத்ததால் தெரிகிறது. அழித்தாலும் அடுத்த முறை சொருகும்போது திரும்ப வரும். ஃபைல்களை காப்பி எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யப்போகிற பென்டிரைவ்தானே, விட்டுவிடுங்கள்.

டிரோஜன் இரண்டு, சி டிரைவே விலக்கில் இருந்தது என்றால் தருமபுரி நண்பர் சொன்னதுதான் சரி: டாக்குமெண்ட்ஸை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். அதுவரை அந்த மெஷினில் பேங்க் தளம் எதையும் திறக்காதீர்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை இன்றே போனில் முடித்துவிடுங்கள், ஜிமெயில் முதலில். மற்ற கணக்குகளுக்கு ரீசெட் லிங்க் வந்து விழுவது அங்கேதான்.